ஸ்வீட்16 கூடினாலும் குளிர் தாங்குகிறது, ஸ்வீட்11 இல்லாவிட்டாலும் தாங்குகிறது. எதை நம்புவது?

வேர்நுனி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எண்ணெய்வித்துப் பயிர்களில் சர்க்கரை கடத்தும் மரபணுக்களும் குளிர் தாங்கும் திறனும் என்ற தலைப்பில் வகுப்பில் பேச வேண்டும். ஒரு வாரமாகப் படிக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

அடிப்படை புரிகிறது. ஸ்வீட் (SWEET) என்ற சர்க்கரைக் கடத்திக் குடும்பத்தை 2010-ல் வோல்ஃப் ஃப்ரோமர் குழு கண்டுபிடித்தது. சவ்வை ஏழு முறை ஊடுருவும் சிறிய புரதங்கள். புரோட்டான் விசை எதுவும் வேண்டாம், செறிவு எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் சர்க்கரையை விட்டுவிடும். ஆய்வகங்களில் மாதிரிச் செடியாக வளர்க்கும் அராபிடாப்சிஸில் 17 இருக்கின்றன, நான்கு கிளைகளாகப் பிரித்திருக்கிறார்கள். சரி.

சிக்கல் இங்கேதான். 2013-ல் ஒரு குழு அராபிடாப்சிஸில் ஸ்வீட்16-ஐ மிகையாக வெளிப்படுத்தியது. செடி உறைபனியை முன்பைவிட நன்றாகத் தாங்கியது. 2015-ல் வேறொரு குழு ஸ்வீட்11, ஸ்வீட்12 இரண்டையும் செயலிழக்கச் செய்தது. அந்தச் செடியும் நன்றாகத் தாங்கியது. கடத்தி கூடினாலும் நல்லது, இல்லாவிட்டாலும் நல்லது என்றால் ரேப்சீட் (கடுகுக் குடும்பத்து எண்ணெய்வித்து) மாதிரிப் பயிரில் எதைச் செய்யச் சொல்வது? யாராவது விளக்குங்களேன்.

---

சோதனைக்குழாய்

இதில் குழப்பம் எங்கே இருக்கிறது நண்பா? இரண்டு செடியிலும் கடைசியில் இலையில் சர்க்கரை கூடியிருக்கும். உப்புப் போட்ட தண்ணீர் சீக்கிரம் உறையாது, சர்க்கரை போட்டாலும் அப்படித்தான். சர்க்கரை கூடினால் குளிர் தாங்கும். முடிந்தது கதை.

---

நீலாம்பரி

சோதனைக்குழாய், கதை அங்கே முடியவில்லை. ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கிலோ தண்ணீரில் ஒரு மோல் கரைபொருள் இருந்தால் உறைநிலை 1.86 டிகிரி இறங்கும். சுக்ரோஸ் ஒரு மோல் என்பது 342 கிராம். அதாவது ஒரு கிலோ தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு கிலோ சர்க்கரையைக் கொட்டினால்தான் இரண்டு டிகிரிகூட இல்லாத லாபம். குளிருக்குப் பழகிய இலையில் கூடும் சர்க்கரை ஒரு கிராம் ஈர எடைக்குச் சில பத்து மைக்ரோமோல். 50 மைக்ரோமோல் என்றே வையுங்கள். உறைநிலை இறங்குவது சுமார் 0.1 டிகிரி. ஆனால் நாலு டிகிரியில் சில நாள் வைத்துப் பழக்கிய அராபிடாப்சிஸ், பழக்காத செடியைவிட ஐந்து டிகிரி அளவுக்குக் கூடுதல் குளிரைத் தாங்கும். மீதி எங்கிருந்து வந்தது?

செடியில் பனிக்கட்டி முதலில் உண்டாவது செல்லுக்கு வெளியே, செல்களுக்கு இடையிலுள்ள வெளியில். அந்தப் பனி செல்லுக்குள்ளிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறது. உறைபனியில் சாகும் செல் பெரும்பாலும் வறண்டுதான் சாகிறது. வெளியே மைனஸ் 10 டிகிரி என்றால், செல்லின் உள்ளே செறிவு சுமார் 5.4 ஆஸ்மோல் (ஒரு கிலோ தண்ணீரில் கரைந்த துகள்களின் மொத்த மோல்) ஆகும் வரை தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் 0.5 ஆஸ்மோல் இருந்த செல்லில் ஒன்பது சதவீதத் தண்ணீர்தான் மிஞ்சும். 1 ஆஸ்மோல் இருந்தால் பதினெட்டு சதவீதத்துக்கு மேல் மிஞ்சும். இந்த வித்தியாசத்தில்தான் செல்லைச் சுற்றியுள்ள பிளாஸ்மா சவ்வு பிழைப்பதும் கிழிவதும். (கணக்கு எளிமையானது, உண்மைச் செல் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது.)

இன்னொன்று. தண்ணீர் போகப் போக மிச்சச் சர்க்கரையின் செறிவு பத்து மடங்கு ஏறுகிறது. 0.05 மோல் 0.5 மோலாகிறது. தண்ணீர் விலகிய இடத்தில் சவ்வுக் கொழுப்பின் தலைப்பகுதியோடு சேர்ந்து நின்று, இரண்டு சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அந்தச் சர்க்கரைதான். அதனால்தான் எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் முக்கியமாகிறது. சவ்வின் பக்கத்தில் இல்லாத சர்க்கரை சவ்வைக் காப்பாற்றாது.

---

சோதனைக்குழாய்

அக்கா, 342 கிராம் என்றதுமே அடங்கிவிட்டேன். உப்புத் தண்ணீர் உதாரணத்தை வாபஸ் வாங்குகிறேன்.

---

வேர்நுனி

இது தெளிவாகிறது, நன்றி நீலாம்பரி. அப்படியானால் ஸ்வீட்16-ம் ஸ்வீட்11-ம் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன என்பதுதான் விடையா? ஒன்று வாக்குவோல் (செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பை) சவ்வில், மற்றது பிளாஸ்மா சவ்வில்?

---

நீலாம்பரி

ஆமாம், பாதி விடை அதுதான். ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வீட்11, ஸ்வீட்12 இரண்டும் இலையில் ஃபுளோயத்தை (சர்க்கரையைக் கொண்டுபோகும் குழாய்த்திசு) ஒட்டிய செல்களின் பிளாஸ்மா சவ்வில் இருக்கும் வாசற்கதவுகள். சுக்ரோஸ் அந்த வழியாக வெளியே வந்த பிறகுதான் எஸ்யூசி2 என்ற புரோட்டான் இணைக் கடத்தி அதை ஃபுளோயத்துக்குள் ஏற்றும். வாசலைப் பூட்டினால் சர்க்கரை இலையிலேயே தேங்கும். இரண்டு மரபணுவும் செயலிழந்த அந்த இரட்டை மியூட்டன்ட் செடி உறைபனியைத் தாங்கியதற்கு அது ஒரு காரணம். ஆனால் அதே செடியில் சைலம் (தண்ணீர்க் குழாய்த்திசு), ஃபுளோயம் வளர்ச்சியும் மாறியிருந்தது, செடியும் சிறியது. எல்லாப் புகழையும் சர்க்கரைக்கே கொடுக்க முடியாது.

ஸ்வீட்16 என்பது வீட்டுக்குள் இருக்கும் சேமிப்பறையின் கதவு. முதிர்ந்த இலைச் செல்லில் கன அளவில் பெரும்பகுதி வாக்குவோல்தான்; சைட்டோபிளாசம் சுவரோரமாக ஒரு மெல்லிய படலம். சேமிப்பறைக் கதவு திறந்தே கிடந்தால் இரண்டு பக்கமும் செறிவு சமமாகும். அந்தச் செடிகளைக் குளிரில் வைத்தபோது ஃப்ரக்டோஸ் சேரவே இல்லை. ஆனாலும் உறைபனியை நன்றாகத் தாங்கின. அதனால் அந்த ஆய்வாளர்கள் குளிர் தாங்குவதில் ஃப்ரக்டோஸைவிட குளுக்கோஸுக்கும் சுக்ரோஸுக்கும்தான் பங்கு அதிகம் என்று எழுதினார்கள். மொத்தச் சர்க்கரையை மட்டும் அளந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

நீங்கள் கவனிக்காத ஒன்றும் அதே ஆய்வில் இருக்கிறது. இயல்பான செடியில் குளிர் வந்ததும் ஸ்வீட்16-ன் வெளிப்பாடு *குறைகிறது*. செடி தானாக மூடும் கதவை ஆய்வாளர்கள் பலவந்தமாகத் திறந்து வைத்தார்கள். அது நன்மையாக முடிந்தது.

---

பனிப்பெட்டி

நீலாம்பரி சொன்னதற்கு எதிர்ச்சாட்சி ஒன்று. பீட்ரூட் வகையைச் சேர்ந்த சர்க்கரைக் கிழங்கிலிருந்து வாக்குவோல் குளுக்கோஸை வெளியே எடுக்கும் கடத்தி ஒன்றை அராபிடாப்சிஸில் மிகையாக வெளிப்படுத்தினார்கள், 2014-ல். உறைபனி தாங்கும் திறன் குறைந்தது, விதை முளைப்பதும் கெட்டது. அதுவும் சேமிப்பறைக் கதவுதான். ஆனால் புரோட்டான் விசையோடு இயங்கும் ஒருவழிக் கதவு.

ஆக வாக்குவோல் கதவைத் திறந்தால் நல்லது என்று பொதுவிதி எழுத முடியாது. சரிவைப் பொறுத்து இரண்டு பக்கமும் விடும் கதவா, சக்தி செலவழித்து ஒரு பக்கம் மட்டும் தள்ளும் கதவா என்று பார்க்க வேண்டும். உள்ளே தள்ளும் டிஎஸ்டி1 என்ற கடத்தியைக் குளிரே தூண்டுகிறது. அதை இழந்த செடியால் குளிரில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஒழுங்காகச் சேர்க்க முடியவில்லை. இது 2006-லேயே வந்த முடிவு.

வேர்நுனி, உரையில் ஸ்வீட்டை மட்டும் வைத்தால் படம் அரைகுறையாக இருக்கும். டிஎஸ்டியைக் கட்டாயம் சேருங்கள்.

---

கடுகுக்காரன்

நான் பயிர்ப்பெருக்கத்தில் இருப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். நீங்கள் எல்லாரும் இலையையே பார்க்கிறீர்கள். எண்ணெய்வித்துப் பயிரில் கூலி விதையிலிருந்துதான் வருகிறது.

ரேப்சீட் விதையின் எடையில் ஏறத்தாழ 40 முதல் 45 சதவீதம் எண்ணெய். அந்த எண்ணெய் இலையிலிருந்து எண்ணெயாக வருவதில்லை, சுக்ரோஸாக வருகிறது. விதைக்குள் அது உடைந்து பைருவேட்டாகி, கணிகத்தில் அசிட்டைல் கோ-ஏ ஆகி, கொழுப்பு அமிலமாகிறது. அந்த சுக்ரோஸ் தாயின் விதையுறையிலிருந்து கருவுக்குப் போக வேண்டும். அங்கே நிற்கும் கதவுகள் யார் தெரியுமா? அதே ஸ்வீட்11, அதே ஸ்வீட்12, கூடவே ஸ்வீட்15. அராபிடாப்சிஸில் மூன்றையும் சேர்த்து நீக்கியபோது கரு வளர்ச்சி தாமதமாகி, விதை சுருங்கி, எடையும் எண்ணெயும் குறைந்தன. 2015-ல் வந்த வேலை. நீங்கள் சொன்ன குளிர் தாங்கும் மியூட்டன்ட் வந்த அதே வருடம்!

குளிர்காலத்தில் செடியைக் காப்பாற்றிவிட்டு அறுவடையில் பாதி எண்ணெயை விட்டுக்கொடுத்தால் யார் அந்த ரகத்தை விதைப்பார்கள்? வயலில் நிற்காத குளிர் மியூட்டன்ட் எத்தனையோ பார்த்தாயிற்று. குளிர்ப் பதில்வினையை முடுக்கும் சிபிஎஃப் மரபணுவை எந்நேரமும் வெளிப்படுத்தினால் குளிர் தாங்கும், ஆனால் செடி குட்டையாகித் தாமதமாகப் பூக்கும் என்பது அராபிடாப்சிஸிலேயே தெரிந்ததுதான்.

சோயாவைப் பாருங்கள். அதில் ஸ்வீட்10ஏ, ஸ்வீட்10பி என்ற இரண்டு மரபணுக்கள் விதையின் அளவையும் எண்ணெயையும் தீர்மானிக்கின்றன. காட்டுச் சோயாவை மனிதன் பயிராக்கியபோது, தெரியாமலேயே அவற்றின் நல்ல வடிவங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். அவற்றைச் செயலிழக்கச் செய்தால் விதை சிறுத்து, எண்ணெய் குறைந்து, புரதம் கூடுகிறது. ஆயிரக்கணக்கான வருடங்களாக மனிதன் பொறுக்கி எடுத்த கதவை நாம் குளிருக்காகக் கழற்றப் போகிறோமா?

---

வேர்நுனி

கடுகுக்காரன் சார், இதுதான் நான் தேடியது. உரையின் மையமே இதுதான் என்று தோன்றுகிறது. ஆனால் ரேப்சீட்டில் ஒரே மரபணுவுக்குப் பல பிரதிகள் இருக்கின்றனவே, ஒன்றை இலைக்கும் ஒன்றை விதைக்கும் என்று பிரித்துக்கொள்ள முடியாதா?

---

பனிப்பெட்டி

நல்ல கேள்வி தம்பி. ரேப்சீட் இரண்டு இனங்கள் கலந்து உருவானது: பிராசிக்கா ரேப்பாவிலிருந்து ஏ மரபணுத்தொகுதி, பிராசிக்கா ஒலரேசியாவிலிருந்து சி. மொத்தம் 38 குரோமோசோம். அந்த இரண்டு மூதாதையருமே அதற்கு வெகுகாலம் முன்பு மரபணுத்தொகுதி மும்மடங்கானவை. ஆக அராபிடாப்சிஸின் ஒரு மரபணுவுக்கு ரேப்சீட்டில் ஆறு பிரதி இருக்க வேண்டும். பதினேழு ஸ்வீட்டுக்கு 102. 2016-ல் எண்ணியபோது கிடைத்தவை 68. மூன்றில் ஒரு பங்கு வழியில் தொலைந்துபோயின, மீதி நிற்கின்றன. நின்றவை எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

இதில் வாய்ப்பும் உண்டு, தலைவலியும் உண்டு. இலையில் மட்டும் ஓங்கி வெளிப்படும் பிரதியைக் கண்டுபிடித்தால், கிறிஸ்பர் (மரபணுத் திருத்த முறை) வழியாக அதை மட்டும் தொட்டுவிட்டு விதைப் பிரதியை விட்டுவிடலாம். தலைவலி என்னவென்றால், ஏ பிரதியும் சி பிரதியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மரபணுவை அடையாளம் காணும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமரை வடிவமைக்கும்போது இரண்டையும் பிரிக்கும் எழுத்து வித்தியாசத்தை 3' முனையில் வைக்காவிட்டால், வெளிப்பாட்டை அளக்கும் க்யூபிசிஆரில் நீங்கள் அளப்பது யாருடைய வெளிப்பாடு என்றே தெரியாது.

---

இலைத்துளை

புதியவன், மன்னிக்கவும். குளிர் தாங்குவதற்குச் சர்க்கரைதான் முக்கியம் என்றால் நிலக்கடலை, எள், சூரியகாந்தியிலும் இதே கதவுகளை மாற்றினால் குளிர் தாங்குமா?

---

கடுகுக்காரன்

வாங்க. மன்னிப்பெல்லாம் எதற்கு. நிலக்கடலையும் எள்ளும் சாகுவதற்கு உறைபனியே தேவையில்லை, பத்து டிகிரி பக்கம் போனாலே திணறும். அங்கே சிக்கல் பனிக்கட்டி இல்லை. சவ்வு விறைத்துப்போவதும் ஒளிச்சேர்க்கை தடுமாறுவதும். ரேப்சீட்டுக்கு இருப்பது போலக் குளிருக்குப் பழகி உறைபனிக்குத் தயாராகும் ஏற்பாடு அவற்றுக்கு இல்லை. கதவை மாற்றினால் வீடு மாறாது. சூரியகாந்தி நாற்று லேசான உறைபனியைத் தாங்கும், அவ்வளவுதான்.

---

பனிப்பெட்டி

வேர்நுனி உரையில் உறைபனிச் சோதனை பற்றியும் பேசுவார் என்று நினைத்து இதைச் சொல்கிறேன். "உறைபனி தாங்கும் திறன் கூடியது" என்று எழுதியிருந்தால் முதலில் செய்முறைப் பகுதியைப் படியுங்கள். காரணம் என் சொந்தக் கதை.

முதல்முறை மின்பகுளிக் கசிவுச் சோதனை (சேதமடைந்த செல்லிலிருந்து கசியும் உப்பை அளப்பது) செய்தபோது இலையை வட்டமாக வெட்டி, துளித் தண்ணீரோடு குழாய்களில் போட்டு, குளிரூட்டியில் மைனஸ் 2-ல் வைத்து மெதுவாக இறக்கினேன். மைனஸ் 6 வரை எந்தக் குழாயிலும் சேதம் இல்லை. ஆஹா, அசாத்தியமான செடி என்று நினைத்தேன். மைனஸ் 7-ல் பாதிக் குழாய்கள் ஒரே அடியாகச் செத்துப்போயின, பக்கத்துக் குழாய் பச்சையாக இருக்கிறது. மறுபடி செய்தால் வேறு குழாய்கள் சாகின்றன. இரண்டு வாரம் பித்துப் பிடித்த மாதிரி அலைந்த பிறகு எங்கள் ஆய்வகத்து அக்கா ஒருவர் கேட்டார்: "பனித்துணுக்கு போட்டியா?"

போடவில்லை. துளித் தண்ணீர் உறையாமலே மிகைக்குளிர்ச்சி அடைந்து நின்றிருக்கிறது. எப்போது எந்தக் குழாயில் பனி தொடங்குகிறதோ அது தற்செயல். தொடங்கிய நொடியில் பனி பாய்ந்து செல்லின் உள்ளேயே உண்டாகிறது, எல்லாம் முடிந்தது. மைனஸ் 2-லேயே ஒவ்வொரு குழாயிலும் கடுகளவு பனித்துணுக்கைப் போட்டு, பனி வெளியே தொடங்கியபின் மணிக்கு ஒன்றிரண்டு டிகிரி வீதம் இறக்க வேண்டும். அப்போதுதான் நீலாம்பரி சொன்ன வறட்சி நடக்கும். அப்புறம் நாலு டிகிரியில் இரவு முழுக்க உருக விட்டு, கசிந்த உப்பைக் கடத்துதிறன் மீட்டரில் அளந்து, இலையைக் கொதிக்க வைத்து மீதியையும் அளந்து, பாதி கசியும் வெப்பநிலையைக் கணக்கிட வேண்டும். செடியைப் பழக்கிய பிறகு அளந்தார்களா, பழக்காமல் அளந்தார்களா என்றும் பாருங்கள். இரண்டும் வேறு வேறு குணங்கள்.

எந்த நேரத்தில் இலை பறித்தார்கள் என்பதும் முக்கியம். சர்க்கரையும் மாவுச்சத்தும் பகலில் ஏறி இரவில் இறங்கும். கட்டுப்பாட்டுச் செடியைக் காலையிலும் குளிர்ச் செடியை மாலையிலும் பறித்தால் குளிரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

---

சோதனைக்குழாய்

பனித்துணுக்கு விஷயம் யாரும் சொல்லவே மாட்டேன் என்கிறார்கள் பாருங்கள். செய்முறையில் ஒரே ஒரு வரியாக இருக்கும்.

ஒரு சந்தேகம். அந்தச் செடிகள் எல்லாம் 35எஸ் புரோமோட்டர் போட்டவைதானே? எல்லா செல்லிலும் எந்நேரமும் ஸ்வீட்16 வெளிப்படுகிறது. இயல்பில் அது வாஸ்குலர் பாரன்கைமா (குழாய்த்திசுவில் உள்ள) செல்களில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அப்படியானால் நாம் பார்ப்பது ஸ்வீட்16-ன் வேலையா, தவறான இடத்தில் வைத்த கதவின் வேலையா?

---

நீலாம்பரி

இந்தக் கேள்விக்காக உங்கள் முதல் பதிவை மன்னிக்கிறேன். ஸ்வீட்16 *செய்யக்கூடியது* எது என்று அந்தச் செடி சொல்கிறது. இயல்பில் *செய்வது* எது என்று சொல்லவில்லை. பயிர்ப்பெருக்கத்துக்கு முதலாவது போதும், உயிரியலுக்குப் போதாது.

இன்னும் ஒன்று சேர்க்கிறேன். வெளிப்பாடு மட்டுமே கதவைத் தீர்மானிப்பதில்லை. வறட்சியில் ஸ்வீட்11, ஸ்வீட்12 மீது எஸ்என்ஆர்கே2 என்ற கைனேஸ் பாஸ்பேட் ஒட்டி, வேருக்குப் போகும் சுக்ரோஸைக் கூட்டுகிறது, 2022-ல் காட்டினார்கள். மரபணு ஏறவில்லை, கதவு மட்டும் வேகமாக ஓடுகிறது. குளிரில் எந்த ஸ்வீட் மரபணு ஏறியது, எது இறங்கியது என்று வண்ணக்கட்டம் போட்டு முடிக்கும் கட்டுரைகள் எனக்கு அலுத்துவிட்டன. ஏறி இறங்குவதைப் பார்ப்பது தொடக்கம்தான்.

---

கடுகுக்காரன்

நானும் ஒரு நல்ல செய்தி சொல்லிவிடுகிறேன், எப்போதும் குறை சொல்பவன் என்று ஆகிவிடக் கூடாது. பனிப்பெட்டி சொன்ன டிஎஸ்டி1 பக்கம் எனக்கு நம்பிக்கை உண்டு. 2010-ல் அதை அராபிடாப்சிஸில் மிகையாக வெளிப்படுத்தியபோது விதை எடையும் விதையின் எண்ணெயும் *கூடின*. செல் தன்னிடம் சர்க்கரை குறைவாக இருப்பதாக உணர்ந்து, இரவுச் சுவாசத்தில் செலவழிப்பதைக் குறைத்து, ஏற்றுமதியைக் கூட்டியதாக விளக்கினார்கள். குளிருக்குத் தேவையான கடத்தியும் விளைச்சலுக்குத் தேவையான கடத்தியும் எப்போதும் சண்டை போடும் என்று விதியில்லை.

ஆனால் வயலில் ரேப்சீட் சாகும் இடம் பெரும்பாலும் இலை இல்லை. குளிர்காலத்தில் வெளியிலைகள் உதிர்ந்தாலும் செடி பிழைக்கும். தண்டின் நுனிமொட்டும் வேர்க்கழுத்தும் (தண்டும் வேரும் சேரும் இடம்) போனால்தான் போச்சு. குளிருக்கு முன் ஏறத்தாழ எட்டு இலை, வேர்க்கழுத்து எட்டு பத்து மில்லிமீட்டர் தடிமன், மொட்டு தரையை ஒட்டி என்று நிற்கும் செடிதான் தாங்கும். இலையுதிர் காலத்திலேயே தண்டு நீண்டுவிட்டால் எந்தச் சர்க்கரையும் காப்பாற்றாது. வசந்தத்தில் மறுபடி துளிர்க்கத் தேவையான சர்க்கரை வேர்க்கழுத்தில்தான் இருக்கிறது. ஆய்வகத்தில் இலைவட்டத்தை அளக்கிறீர்கள், வேர்க்கழுத்தை யார் அளக்கிறார்கள்?

---

வேர்நுனி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உரையை மாற்றி எழுதிவிட்டேன். முதல் பாதி நீலாம்பரியின் 342 கிராம் கணக்கு, பனிப்பெட்டியின் மூன்று வாக்குவோல் கதவுகள். இரண்டாம் பாதி இலையின் வாசற்கதவும் விதையின் வாசற்கதவும் ஒன்றே என்ற சிக்கல், 68 பிரதிகளில் அதைப் பிரிக்க வழி உண்டா என்ற கேள்வி.

கடுகுக்காரன் சார், கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வேர்க்கழுத்தில் மின்பகுளிக் கசிவு அளக்க முடியுமா? இலைவட்டம் மாதிரி வெட்டினால் வெட்டுக்காயத்திலிருந்தே உப்பு கசியுமே?

---

பனிப்பெட்டி

கசியும். வெட்டிய துண்டைத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு, உறையவைக்காத துண்டின் கசிவைத் தனியாக அளந்து கழித்துக்கொள். துண்டு எல்லாம் ஒரே தடிமனாக இருக்கட்டும். பனித்துணுக்கை மறந்துவிடாதே.